வலது கன்னத்துத் தழும்பு

நாற்பது வருஷம் பொய் சொல்லிச் சம்பாதித்தவன் நான். பருவை மறைத்திருக்கிறேன். தொப்பையைக் குறைத்திருக்கிறேன். ஒன்றரைக் கண்ணை நேராக்கி, ஒருத்திக்குக் கல்யாணமே நடத்தி வைத்திருக்கிறேன். அதனால் பொய் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது சொல்லப் போவது பொய் இல்லை. என் கண்ணால் பார்த்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் பயூமி; கைத்தொழில்காரனுக்கு மரியாதையாக ஊரில் 'உஸ்தா' என்பார்கள். நைல் நதி கடலில் சேருகிற எஸ்பெத் அல்-புர்க்கில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். மீனவர் ஊர். முழங்கால் வலி வந்த பிறகு கடையை மூடிவிட்டேன். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ரொம்ப நல்லது. பெருநாளன்று அலறுகிற பிள்ளைகளை இனி அவரவர்களே சிரிக்க வைத்துக்கொள்ளட்டும். படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜரை மட்டும் விற்க மனம் வரவில்லை. அதை வீட்டுக் குளியலறையில் வைத்திருக்கிறேன். "இது குளிக்கிற ரூமா, படம் கழுவுற ரூமா? ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்று என் மனைவி இன்றைக்கும் சண்டை பிடிக்கிறாள்.

அந்தக் குளியலறையில்தான் இது ஆரம்பித்தது.

கடையை மூடிய பிறகு ஒரு குளிர்காலத்தில் பெரிய புயல் அடித்தது. எங்கள் ஊர்ப் படகு ஒன்று கவிழ்ந்தது. சிலர் நீந்திக் கரையேறினார்கள். சிலருடைய உடல் கிடைத்தது. ஹஜ் போய் வந்த ஹாஜ்ஜா நபவிய்யாவின் மூத்த மகன் ரிஃபாத்துக்கு உயிரும் இல்லை, உடலும் இல்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் இறந்தவர் படத்தின் மூலையில் ஒரு கறுப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டுவோம். அதைப் பார்த்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். நபவிய்யா அந்த நாடாவை ஒட்ட விடவில்லை.

"உடம்பைக் காட்டு, ஒட்டுறேன்" என்றாள்.

பாவம், அவன் மனைவி விதாத். இருபத்தாறு வயசு. குழந்தை இல்லை. நாடா ஒட்டினால் அவள் விதவை. காத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அப்பா வீட்டுக்குப் போகலாம், வேறு வாழ்க்கை பார்க்கலாம். ஒட்டாத வரைக்கும் அவள் மனைவி. புருஷன் இல்லாத மனைவி. கதவு தட்டினால் எழுந்து ஓடுவாள். பால்காரனாக இருப்பான்.

வசந்த காலத்தில் ரிஃபாத்தின் தம்பி ஹம்திக்குக் கல்யாணம். மேளதாளம் இல்லாமல் அடக்கமாக நடத்தினார்கள். ஒரு வாரம் கழித்து நபவிய்யா கல்யாண குரூப் படத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"பயூமி, இதுல என் மூத்தவனையும் நிறுத்து."

"ஹாஜ்ஜா..."

"துபாய்ல இருக்கிறவனையெல்லாம் குரூப்ல சேர்த்து நிறுத்துவியே! என் புள்ளைய நிறுத்த மாட்டியா? வர முடியல, அவ்வளவுதான். வேலையா போயிருக்கான்."

முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ரிஃபாத் மீனவர் அடையாள அட்டைக்காக என் ஸ்டுடியோவில் எடுத்த நெகட்டிவ் என் பெட்டியில் இருந்தது. மார்பளவுப் படம். வலது கன்னத்தில் பெரிய தூண்டில் முள் கிழித்த தழும்பு, காதுவரை போகும். அதைப் பென்சிலால் மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"தொடாதே. நான் மருந்து வெச்சு ஆத்துன தழும்பு அது."

இங்கே கொஞ்சம் தொழில் பேசவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாத ஆளைப் படத்தில் சேர்ப்பதில் வெட்டுவதும் ஒட்டுவதும் பெரிய வேலையே இல்லை. அதைக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த எவனும் செய்வான். வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும். எல்லோருடைய மூக்கு நிழலும் ஒரு பக்கம் விழ, ஒருவனுடையது மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்தால் முடிந்தது கதை. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஆள் மட்டும் அங்கே இல்லாதவன் மாதிரி இருப்பான்.

கல்யாணப் படத்தில் வெளிச்சம் வலமிருந்து வந்தது. என் ஸ்டுடியோ விளக்கோ இடப்பக்கம். அதற்கு ஒரே வழிதான். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்செடுக்கவேண்டும். முகம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக மாறும், வெளிச்சமும் கூடவே மாறிவிடும். தொழில் தெரிந்த எவனும் இதைத்தான் செய்வான். நானும் செய்தேன். ஹம்தியின் நாற்காலிக்குப் பின்னால், பின்வரிசையில் ரிஃபாத்தை நிறுத்தினேன். மார்பளவுப் படம்தானே, கால் வேண்டாம்.

தழும்பு இடது கன்னத்துக்குப் போயிருந்தது.

நபவிய்யா உடனே கண்டுபிடித்தாள். நான் வெளிச்சத்தைப் பற்றி விளக்கினேன். அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இருக்கட்டும். கண்ணாடி முன்னால தலை சீவும்போது இப்படித்தான் தெரிவான்" என்று சொல்லி முத்தமிட்டு எடுத்துப் போனாள்.

ரமலான் பிறந்தது. நோன்பின் முதல் வாரம், மாலை நேரத்து அஸர் தொழுகை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹம்தி தெருவில் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"உஸ்தா பயூமி... அண்ணன் வந்துட்டான்!"

"யாரு அண்ணன்?"

"ரிஃபாத்! எங்க ரிஃபாத்! உள்ள நிக்கிறான். அம்மா உங்களையும் நோன்பு திறக்கக் கூப்பிடுது!"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதாத் பிழைத்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதித் தெரு அந்த வீட்டில் கூடியிருந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். எந்தக் கப்பல் காப்பாற்றியது, எங்கே இருந்தான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் எதற்கும் பதில் சொல்லவில்லை. "பேச்சு வரலப்பா, எத்தனை கஷ்டப்பட்டானோ" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

அவன் ஹம்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நீளமான அங்கி, பாதம் தெரியவில்லை.

"உக்காருப்பா" என்றேன்.

உட்காரவில்லை.

பக்கத்தில் போனேன். கட்டிக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினேன். அப்போதுதான் கன்னத்தைப் பார்த்தேன்.

இடது கன்னம்.

எனக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தலை வகிடும் எதிர்ப்பக்கம் இருந்தது. அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுஷன் வகிட்டை மாற்றிக்கொள்ள மாட்டானா என்ன?

நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். அவனும் எடுத்தான். இடது கையால்.

"டேய், வலது கையில எடு" என்று நபவிய்யா செல்லமாகக் கடிந்தாள். "கடல் உன்னை மரியாதை மறக்க வெச்சிடுச்சு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். எது வலது என்று தெரியாதவன் மாதிரி. பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

நான் பருப்பு சூப்பைக் குடிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. ஒரு முகத்தைப் பார்த்தால் முதலில் விளக்கு எங்கே என்று தேடுவேன். ஜன்னல் அவனுக்கு வலப்பக்கம் இருந்தது. மேற்கு ஜன்னல், அந்தி வெளிச்சம் நன்றாக உள்ளே வந்தது. எங்கள் எல்லோருக்கும் ஜன்னல் பக்கம் பளிச்சென்று இருந்தது.

அவனுக்கு மட்டும் ஜன்னல் பக்கம் இருட்டு. தழும்புக் கன்னம் பளிச்சென்று இருந்தது.

யாரோ அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பேசினார்கள். முகம் திரும்பியது. நிழல் மாறவில்லை... முகத்தோடு ஒட்டிய மாதிரி அதே கன்னத்தில் இருந்தது.

ஜன்னலில் வெளிச்சம் போனது. விளக்கைப் போட்டார்கள். அப்போதும் தழும்புக் கன்னம்தான் பளிச்சென்று இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

ஒரு நிமிஷம் கும்மிருட்டு. பெண்கள் கத்தினார்கள், யாரோ தட்டைத் தள்ளிவிட்டார்கள். "தீப்பெட்டி எங்கே? தீப்பெட்டி!"

நான் தலையைத் தூக்கினேன்.

ஹம்தியின் நாற்காலிக்குப் பின்னால்...

ஒரு கன்னம்.

மங்கலாக, வெள்ளையாக. தழும்போடு.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தி எரிந்தது. எல்லோரும் சூப்பைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. சமையல்கட்டு வாசலில் விதாத் நின்றிருந்தாள். கையில் மொலோகியா கீரைப் பாத்திரம். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவளும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"பயூமி மாமா, அவர் படுக்கறதே இல்ல. கட்டிலுக்குப் பின்னால நிக்கிறாரு."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் ஆசையாத்தான் போனேன் மாமா. என் புருஷன்தானேன்னு கட்டிப் பிடிச்சேன். நெஞ்சுல காதை வெச்சேன். எப்பவும் வைக்கிற இடம். சத்தமே இல்ல..." அவள் தன் நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "தலையை நகத்தினேன். அப்ப கேட்டுச்சு. வலப்பக்கம்."

"விதாத்..."

"வலப்பக்கம் அடிக்குது மாமா. அது உங்க படத்துல இருந்து வந்தது. என் வீட்டுக்காரர் இல்ல. நான் அதோட எப்படி வாழறது? அத்தைகிட்ட சொன்னா என்னைப் பைத்தியம்னு சொல்லுது. நீங்க எப்படிப் புரட்டினீங்களோ, அப்படியே திருப்பிக் குடுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் குளியலறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நெகட்டிவை நேராக வைத்து மறுபடி அச்செடுத்தேன். அதே இடத்தில், அதே நாற்காலிக்குப் பின்னால் ஒட்டினேன். வலது கன்னத்தில் தழும்பு. மூக்கு நிழல் எதிர்ப்பக்கம். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமான படம் செய்ததில்லை. கல்யாணக் கூட்டத்தில் அவன் மட்டும் தனியாக, வேறெங்கோ நிற்கிற மாதிரி இருந்தான்.

அன்றைக்கு அஸர் நேரத்தில் நானும் அவளும் போனோம். நபவிய்யா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. விதாத் ஸ்டூலில் ஏறிப் பழைய படத்தைச் சட்டத்தோடு கழற்றினாள். நான் பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை மாற்றினேன். ஒரு ஆணி விழுந்து உருண்டது.

டிங்... டிங்... டிங்...

நின்றது. ஓர் அங்கியின் ஓரத்தில்.

அவன் என் பின்னால் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. உப்பு வாடை அடித்தது.

முதல் தடவையாகப் பேசினான்.

"உஸ்தா... வெளிச்சம் சரியாத்தான் இருந்துச்சு."

சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மாத்துறீங்க?"

விதாத் என் கையிலிருந்து சட்டத்தைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினாள். அவனைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"போயிடுங்க."

அவன் படத்தைப் பார்த்தான். அம்மா தொழுகிற அறைப் பக்கம் பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை... கோபமே இல்லை. வாசலுக்குப் போனான். வெளியே அத்தனை வெயில். அவன் பாதி முகம் மட்டும் இருட்டாகவே இருந்தது.

படகுத் துறைப் பக்கம் நடந்தான். வலை பின்னுகிறவர்கள் பார்த்து சலாம் சொன்னதாகச் சொன்னார்கள். அதற்கு அப்புறம் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பழைய படத்தை அன்றே எரித்தேன்.

நபவிய்யா மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. "மறுபடியும் வேலைக்குப் போயிருக்கான். ஒரு தடவை வந்தவன் திரும்ப வருவான்" என்றாள். படம் மாறியிருந்ததையும் பார்த்தாள்; "இப்போ தழும்பு சரி, முகம்தான் ஒட்டல" என்றாள். அவள் சந்தோஷமாகவே இருந்தாள். விதாத்துக்குத்தான் விடிவு இல்லை. முன்பாவது உடல் இல்லாத புருஷன். இப்போது ஊரே பார்த்த புருஷன். உயிரோடு இருக்கிறவனுக்கு யார் நாடா ஒட்டுவார்கள்? அவளைக் காப்பாற்றப் போய், குழியில் தள்ளிவிட்டோம்.

கோடையில் நபவிய்யா வீட்டுக்கு ஓர் அரசாங்கக் கவர் வந்தது. மேற்கே, வேறு மாகாணக் கடற்கரையில் ஒதுங்கிய ஓர் உடலின் படம். பெயர் தெரியாமல் புதைத்திருந்தார்கள். காணாமல் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் அந்தப் படத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு ஒரு கவர் வர எவ்வளவு நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். எப்போது எடுத்த படம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. போன மாசம் படகுத் துறைப் பக்கம் நடந்து போனவன்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரிஃபாத் முகம்தான். வீங்கியிருந்தது, ஆனாலும் அவன்தான்.

"என் புள்ள இல்ல" என்றாள் நபவிய்யா. கண்ணில் ஒரே பிரகாசம். "தழும்பைப் பாருங்க. இடது பக்கம்! என் புள்ளைக்கு வலது. அல்லாவே, உனக்கு நன்றி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹம்தி கேட்டான். "உஸ்தா, படத்தைப் புரட்டி அச்சடிச்சிருப்பாங்களோ? நீங்ககூட அன்னைக்கு..."

விதாத் ஒரு மூலையில் நின்றிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் எழுத்து இல்லை, எண் இல்லை. வெறும் முகம். புரட்டி அடித்ததா இல்லையா என்று எவனாலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். ஆனால் விதாத்துக்காக நான் சொன்னேன்.

"ஆமா. புரட்டி அடிச்சிருக்காங்க. அவசரத்துல இப்படி ஆகும்."

நபவிய்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் அன்றைக்கு வெளிச்சத்தைப் பற்றி விளக்கியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவள் முகத்தில் இருந்த பிரகாசம் மெதுவாக அணைந்தது. அதைப் பார்த்தேனே, அது போதும் எனக்கு இந்த ஜென்மத்துக்கு.

"நீங்கள்லாம் என் புள்ளைய ஒரு தடவையாவது ஒழுங்கா அச்சடிக்கக் கூடாதா?" என்றாள்.

அன்று மாலை அவளே கறுப்பு நாடாவை ஒட்டினாள்.

மரணச் சான்றிதழ் வாங்க விதாத்தோடு நான்தான் போனேன். மேற்கே மினிபஸ்ஸில் பாதி நாள். உடலைப் பரிசோதித்த டாக்டர் இளைஞர், மரியாதையானவர், டீ வரவழைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"படத்தைப் புரட்டி அச்சடிச்சிருக்காங்க டாக்டர். தழும்பு வலது கன்னத்துல இருக்கும்."

டாக்டர் தலையை நிமிர்த்தினார்.

"இல்லையே ஹாஜ். இடதுதான். நானே பார்த்து எழுதினேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மறக்கவே முடியாத உடம்பு. உள்ள எல்லாம் இடம் வலமா மாறியிருந்துச்சு. இதயம் வலப்பக்கம். பிறவியிலேயே சிலருக்கு அப்படி உண்டு." விதாத் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

விதாத் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

சான்றிதழில் தேதி போட்டுக் கொடுத்தார். என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். உடல் கரை ஒதுங்கியது, புதைத்தது, எல்லாம் அந்தக் குளிர்காலத்தில். புயல் அடித்த மறுவாரம்.

நான் நெகட்டிவைப் புரட்டியது வசந்த காலத்தில்.

இத்தனை நாளும் நான்தான் அவனை மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நான் குளியலறையில் விளக்கைப் போடுவதற்கு ரொம்ப முன்பே அவன் அப்படித்தான் மண்ணுக்குள் படுத்திருந்தான். தழும்பு இடம், இதயம் வலம்... நான் அச்சடித்த மாதிரியே. அவனைப் புரட்டியது நான் இல்லை, சாவு. அப்படியானால் கல்யாணப் படத்தில் அவனை நிறுத்தியபோது நான் சொன்னது பொய் இல்லை. நேராக வைத்து, அவனைத் துரத்தினேனே, அதுதான் பொய்.

வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது. அவன் சொன்னான்.

திரும்பி வரும்போது விதாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அம்மாவைப் பார்க்கத்தான் வந்திருக்காரு. நான் போகச் சொல்லிட்டேன்."

அவள் இப்போது அப்பா ஊரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான் என்று கேள்வி. நபவிய்யா வீட்டுச் சுவரில் நாடா ஒட்டிய அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. நிழல் தப்பாக விழுந்த படம்.

நான் தினமும் படுக்கப் போகும் முன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இடப்பக்கம். இன்றுவரை இடப்பக்கம்தான்...